படர்தாமரைக்கு வண்டுகொல்லி இலை போதுமா?

கேள்வி: மண்டபம் பக்கம் கடல்பாசி எடுக்கும் வேலை. ஆறு மாதமாக இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படர்தாமரை. மருந்துக்கடையில் தந்த டியூப் போட்டால் அடங்குகிறது, விட்டால் முன்னைவிட அகலமாகப் படர்கிறது. வண்டுகொல்லி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசச் சொல்கிறார் மாமியார். பூசலாமா?

பதில்: உங்கள் மாமியார் சொல்லும் இலைக்கு வீரியம் உண்டு. சீமை அகத்தி என்றும் சொல்வார்கள். அதிலுள்ள ரெயின், கிரைசோபனால் போன்ற பொருட்கள் பூஞ்சையை எதிர்ப்பவை. இலையை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுத்த சாறு ஆய்வகத்தில் படர்தாமரைப் பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் 10 மூலிகைகளில் இதுவும் ஒன்று. ஆனால் இப்பொருட்கள் தண்ணீரில் சரியாகக் கரையாது. அம்மியில் அரைத்த விழுதில் மருந்து எவ்வளவு இறங்கும் என்பது இலைக்கு இலை மாறும். ஆறு மாதமாகப் பரவியதற்கு அது போதாது. எலுமிச்சை கூடவே கூடாது. சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளித்துக் கருத்துப்போகும். இடுப்பை மூடினாலும் பூசிய கை வெயிலில்தானே இருக்கும்?

எனக்குக் கவலை அந்த டியூப்தான். அட்டையைப் பாருங்கள்: குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன் என்றிருந்தால் ஸ்டீராய்டு. அது அரிப்பை அடக்கும். தோலின் எதிர்ப்பையும் சேர்த்து அடக்குவதால் பூஞ்சை உள்ளுக்குள் படரும். நிறுத்தியதும் சில நாள் சிவந்து அரிப்பு கூடலாம். அதற்குப் பயந்து மறுபடி அதை எடுக்காதீர்கள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு மருத்துவரைப் பாருங்கள். செதிலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். அன்று எதுவும் பூசிக்கொண்டு போகாதீர்கள். டெர்பினாஃபின் மாத்திரைக்கு மசியாத பூஞ்சை இப்போது நம் நாட்டில் பெருகியிருப்பதால் பெரும்பாலும் இட்ராகொனசோல் தருவார்கள். கர்ப்பம், இதய பலவீனம், ஈரல் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். லுலிகொனசோல் க்ரீம் தந்தால் தினம் ஒருவேளை, படையின் விளிம்பைத் தாண்டி 2 செ.மீ. வரை தடவுங்கள். படை மறைந்த பிறகும் 2 வாரம் தொடருங்கள். பலருக்கும் திரும்ப வருவது அரிப்பு நின்றதும் விட்டுவிடுவதால்தான்.

கரையேறியதும் ஈரப் பாவாடையோடு வீடு வரை நடக்காதீர்கள். உலர்ந்த மாற்றுத்துணி எடுத்துப்போங்கள். நாடா இறுகும் இடத்தில் ஈரமும் உப்பும் உரசித் தோல் சிராய்க்கும், பூஞ்சை அங்கேதான் வேர்பிடிக்கும். நல்ல தண்ணீரில் குளித்து, துடைத்து, காய்ந்தபின் க்ரீம் போடுங்கள். துணியை வெந்நீரில் துவைத்து உள்புறம் வெளியே தெரியும்படி வெயிலில் காயவையுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது அரிப்பு இருந்தால் அவரையும் அதே நாளில் அழைத்துப் போங்கள். உங்களுக்கு ஒருமுறை சர்க்கரை பார்த்துவிடுவதும் நல்லது.