வெறும் கடைத்தெருதானா சுங்கை சிப்புட்?

கேள்வி: சுங்கை சிப்புட் பட்டணத்தில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், அன்றைக்கே நாடு முழுவதும் அவசரகாலம் வந்தது. இதை விட்டால் அந்த ஊருக்கு ஏது வரலாறு? தோட்டங்களுக்கு நடுவில் ஒரு கடைத்தெரு, அவ்வளவுதானே?
– ஒரு வாசகர், ஈப்போ

பதில்: 1948 ஜூன் 16 அன்று பேராக் மாநிலத்தின் இந்தப் பட்டணத்துக்குள் எந்தத் துரையும் சுடப்படவில்லை. காலை எட்டரை மணிவாக்கில் ஆர்தர் வாக்கரைக் கம்யூனிஸ்ட் கொரில்லாக்கள் சுட்டது எல்பில் தோட்டத்து ஆபீசில். சற்று நேரத்தில் ஜான் அலிசனும் அவருடைய 21 வயது உதவியாளர் இயன் கிறிஸ்டியனும் கொல்லப்பட்டது பல மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில். பட்டணத்துக்கு வந்து ஒட்டிக்கொண்டது பெயர் மட்டும்தான். ‘நாடு முழுவதும்’ என்பதும் தவறு. அன்று அவசரகால அறிவிப்பு வந்தது பேராக், ஜொகூரின் சில பகுதிகளுக்கு. மலாயா கூட்டரசு முழுமைக்கும் வந்தது 18-ஆம் தேதி. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது.

கடைத்தெரு என்று இளக்காரமாகச் சொல்கிறீர்களே, அது ஏன் அங்கே உட்கார்ந்தது? ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பெரிய சாலையும் ரயில் பாதையும் ஊர் வழியே போகின்றன. அங்கிருந்துதான் லிந்தாங், லாசா பக்கம் உள்சாலை பிரிகிறது. அந்தச் சாலையில் உள்ளே போகப்போகத் தோட்டங்கள், அதற்கும் அப்பால் தெமியார் பழங்குடி மக்களின் மலைக்காடு. தோட்டத்து ரப்பர் ஷீட் வெளியே வரவும், அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் உள்ளே போகவும் இதுதான் வாசல். சம்பள நாள் கூட்டத்தை நம்பித்தான் கடைகள் பிழைத்தன.

அந்தக் கூட்டம் குறைந்ததற்குத் துப்பாக்கியைக் குறை சொல்ல முடியாது. ஐம்பதுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்களை மொத்தமாக வாங்கியவர்கள், ஏக்கர் கணக்கில் துண்டு போட்டு விற்றார்கள். பத்து ஏக்கர் வாங்கியவர், தொழிலாளர் குடியிருந்த லயத்தையும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக்கொட்டகையையும் எதற்காகக் கட்டிக் காக்கப் போகிறார்? தொழிலாளிக்கு வேலையோடு வீடும் போனது. அவர் பெயரில் கடன் எழுதிய பற்றுநோட்டு கடைக்காரரிடம் தங்கியது. பிறகு ரப்பருக்குப் பதிலாக எண்ணெய் தரும் செம்பனை வந்தது. பால்மரம் சீவத் தினமும் விடியுமுன் நிரைக்கு, அதாவது மரவரிசைக்கு, ஆள் இறங்க வேண்டும். செம்பனைக் குலை வெட்ட 10 முதல் 14 நாளுக்கு ஒரு சுற்று போதும். அதே நிலத்துக்கு ஆள் குறைந்தால் சந்தைக்கும் ஆள் குறையத்தானே செய்யும்?

தோட்டத் துண்டாடலுக்கு மாற்றாக, தொழிலாளர்களின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய துன் வீ.தி. சம்பந்தன் இந்த ஊரில் பிறந்தவர். பிறந்த தேதி 1919 ஜூன் 16. அந்தத் தேதிக்கு இப்படியும் ஒரு கணக்கு உண்டு.

‘சிப்புட்’ என்றால் மலாயில் நத்தை. ஊர்ப்பெயருக்குப் பின்னால் ‘யூ’ என்று ஓர் எழுத்து போடுவார்கள், உத்தாரா, அதாவது வடக்கு. கம்பார் பக்கம் தெற்குச் சுங்கை சிப்புட் ஒன்று இருப்பதால் இந்த ஏற்பாடு. கடிதம் போட்டால் அந்த எழுத்தையும் 31100 என்ற அஞ்சல் குறியீட்டையும் விடாதீர்கள். உங்கள் கேள்வியில் எந்தச் சுங்கை சிப்புட் என்றே இல்லை. வடக்கு என்று நாமாகத்தான் எடுத்துக்கொண்டோம்.