திங்கட்கிழமை வயிற்றுவலி

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. ஊர்ப் பள்ளியில் ஐந்தாவது முடித்து, இந்த வருஷம் குடியாத்தத்தில் பெரிய பள்ளியில் ஆறாவது சேர்த்தோம். பள்ளி நாட்களில் காலையில் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சுருண்டு படுத்துக்கொள்கிறான். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மார்க் குறைந்தால் பேப்பரைக் கிழிக்கிறான். நெசவு வேலை செய்யும் அவன் அப்பா, 'எல்லாம் நடிப்பு, நாலு போட்டா சரியாயிடும்' என்கிறார். அவனை எப்படித் தைரியமாக வளர்ப்பது, டாக்டர்?

பதில்: முதலில் அவன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை. நடிப்பில்லை, வலி நிஜம். பரீட்சைக்குப் போகும்முன் நமக்கும் வயிறு கலக்கியதே, அதேதான். பயம் வந்தால் மூளை குடலுக்கும் சேதி அனுப்புகிறது. பத்து மணிக்கு எழுந்து இட்லி கேட்கிறான் என்பதற்காக எட்டு மணிக்கு வலித்தது பொய்யாகிவிடாது.

ஸ்கேன் சரியாக இருந்தாலும் சிலவற்றைக் கவனியுங்கள். வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறதா, எடை குறைகிறதா, மலத்தில் ரத்தமா, காய்ச்சலா, விடாத வாந்தியா, வலி வலப்பக்க அடிவயிற்றுக்கு நகர்கிறதா? ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொன்று, பள்ளிக் கழிவறைக்குப் போகிறானா என்று கேளுங்கள். அருவருப்பிலோ பயத்திலோ நாள் முழுக்க அடக்கி, மலம் இறுகி வலிப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

'ஏன்டா போகமாட்டேன்ற?' என்றால் எந்தப் பிள்ளையும் பதில் சொல்லாது. 'எந்த பீரியட் வேகமா போகுது, எது போகவே மாட்டேங்குது?' என்று ராத்திரி சாப்பாட்டில் கேட்டுப் பாருங்கள். கிண்டல் செய்யும் பையன், பிரம்பெடுக்கும் ஆசிரியர் என்று ஏதாவது வெளியே வரும். பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டம் 2009-லேயே தடை செய்துவிட்டது. அப்படி இருந்தால் நீங்களே போய்ப் பேச வேண்டும். அதை அவன் தலையில் போடாதீர்கள்.

மற்ற சின்னச் சிக்கல்களில் கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். மகள் மறந்துவிட்டுப் போன ஜியாமெட்ரி பாக்ஸைக் கொடுக்க ஆம்பூரிலிருந்து பஸ் ஏறிப் போனதை ஒரு அம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னார். 'அம்மா வரலைன்னா என்ன பண்ணியிருப்பே?' என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன். 'பக்கத்துல இருக்கறவகிட்ட காம்பஸ் வாங்கியிருப்பேன்' என்றாள், சட்டென்று. (என் மகளின் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்து கொடுத்தவன் நான். உபதேசம் சுலபம்.)

பேப்பரைக் கிழித்தால் அப்போதே பாடம் நடத்தாதீர்கள். அழுது ஓயட்டும். பிறகு செலோடேப்பை அவன் கையில் கொடுத்து அவனையே ஒட்டச் சொல்லுங்கள். தப்பான கணக்கில் ஒன்றே ஒன்றைத் திரும்பப் போடட்டும். சித்தப்பா பையன் மார்க்கை அந்தப் பக்கமே இழுக்காதீர்கள்.

அப்பாவுக்கும் வேலை இருக்கிறது. தறியில் இழை அறுந்தால் நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுத்தானே மறுபடி ஓட்டுகிறார்? இன்றைக்கு எத்தனை தடவை அறுந்தது, எதில் எரிச்சல் வந்தது என்று மகனிடம் சொல்லட்டும். அப்பா வேலையிலும் தடங்கல் வரும் என்று பல பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

ஹவாயின் கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சிக்கல் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்களிலும் சுமார் மூன்றில் ஒருவர் நன்றாகத் தலையெடுத்தார்கள். அவர்களில் பலருக்கும் நம்பி ஒட்டிக்கொள்ள ஒரு பெரியவராவது இருந்தார். பெற்றோர்தான் என்றில்லை, பாட்டியாகவும் ஆசிரியராகவும் இருக்கலாம். உங்கள் மகனுக்கு அந்தப் பள்ளியில் அப்படி யார்? ஒருவரும் இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு உதவி கேளுங்கள்: வலி என்றால் வீட்டுக்கு அனுப்பாமல், பத்து நிமிஷம் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வகுப்புக்குத் திருப்பி அனுப்பட்டும்.

இரண்டு வாரமாகியும் போக மறுத்தால், சாப்பாடு தூக்கம் கெட்டால், குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. 14416-க்குப் போன் செய்தால், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணின் ஆலோசகர்கள் இலவசமாகத் தமிழில் பேசுவார்கள். 'செத்துடலாம்' என்று விளையாட்டாகச் சொன்னாலும் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

வரும் திங்கள் வயிறு வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், இட்லி ஒன்று போதும், நேரமானாலும் பரவாயில்லை, பள்ளி வாசல்வரை அப்பா சைக்கிளில் கொண்டுபோய் விடட்டும். வழியில் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம்.