டிசைன் துறையில் முதல் வேலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

காட்சித் தொடர்பியல், நுண்கலை, பொறியியல் எனப் பல படிப்புகளை முடித்துவிட்டு வடிவமைப்புத் துறையில் வேலை தேடும் இளைஞர்களின் கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். ஒரே கேள்வியைப் பலரும் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் வெளியிடுகிறோம்.

இந்த ஆண்டு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பட்டம் பெற்றேன். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், இன்டிசைன் மூன்றிலும் நன்றாக வேலை செய்வேன். கல்லூரியில் செய்த 30-க்கும் மேற்பட்ட போஸ்டர்களையும் லோகோக்களையும் ஒரே பி.டி.எஃப். ஆக்கிப் பல விளம்பர நிறுவனங்களுக்கு அனுப்பினேன். ஒருவரும் பதில் எழுதவில்லை. என் வேலையில் என்ன குறை? – வாசகி, மதுரை

உங்கள் வேலையில் குறை இருக்கிறதா என்பதை அந்தக் கோப்பைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல். மென்பொருள் தெரியும் என்பதை உங்களுடன் படித்த எல்லோருமே சொல்வார்கள். வேலைக்கு ஆள் எடுப்பவர் தேடுவது, ஒரு தேவையைக் கொடுத்தால் நீங்கள் எப்படி யோசித்து எந்த முடிவுக்கு வருகிறீர்கள் என்பதை. 30 போஸ்டர்களை வரிசையாக அடுக்கினால் உங்களுக்குப் போஸ்டர் செய்ய வரும் என்று மட்டுமே தெரியும். யாருக்காக, எங்கே ஒட்டுவதற்காக, ஏன் இந்த நிறத்தில் செய்தீர்கள் என்பது தெரியாது.

1958-இல் இந்திய அரசின் அழைப்பின்பேரில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் எழுதிய அறிக்கையின் அடிப்படையில்தான் அகமதாபாத்தில் 1961-இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்த அறிக்கையில் அவர்கள் மிகவும் வியந்து எழுதியது நம் வீடுகளில் புழங்கும் செம்பைப் பற்றி. எவ்வளவு தண்ணீர் கொள்ள வேண்டும், தலையிலா இடுப்பிலா எங்கே வைத்துச் சுமப்பார்கள், நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, என்ன விலைக்கு விற்கும் என்று அந்த ஒரு பாத்திரத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை அவர்கள் அடுக்கிக்கொண்டே போகிறார்கள். உங்கள் போர்ட்ஃபோலியோவில், அதாவது நீங்கள் செய்த வேலைகளின் தொகுப்பில், இருக்க வேண்டியவை அத்தகைய கேள்விகளும், அவற்றுக்கு நீங்கள் கண்ட விடைகளுமே.

ஆகவே 30 வேலைகளை நான்காகக் குறையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தேவை என்ன, பார்க்கப் போகிறவர் யார், எவ்வளவு தொலைவிலிருந்து பார்ப்பார், எதை முயன்று பார்த்துக் கைவிட்டீர்கள் என்பதை நான்கைந்து வரிகளில் எழுதி, பென்சிலில் போட்ட முதல் வரைவையும் ஒரு பக்கத்தில் சேருங்கள். கல்லூரிப் பயிற்சிகளில் நான்கு தேறாவிட்டால் புதிதாகச் செய்யலாம். பிரபல குளிர்பானத்தின் லோகோவை மாற்றி வரைந்து அனுப்புபவர்கள் ஏராளம், அதைச் செய்யாதீர்கள். மாட்டுத்தாவணியில் எந்த ஊர்ப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கும் என்பதை வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் தானே படித்துப் போகும்படி ஒரு பலகை வடிவமையுங்கள். அல்லது காலை, மதியம், இரவு மாத்திரைகளைக் கண் மங்கிய முதியவர் பிரித்தறியும்படி ஒரு மருந்துச் சீட்டு தயாரியுங்கள். அதை அச்சிட்டு நான்கு பேரிடம் காட்டி, அவர்கள் எங்கே தடுமாறினார்கள் என்பதையும் எழுதுங்கள். அந்தத் தடுமாற்றத்துக்குப் பிறகு நீங்கள் செய்த மாற்றம்தான் நேர்காணலில் அதிக நேரம் பேசப்படும்.

அந்த நான்கில் ஒன்றிலாவது தமிழ் முதன்மையாக இருக்கட்டும். தமிழ்நாட்டு மாணவர்களின் போர்ட்ஃபோலியோக்கள் முழுக்க ஆங்கிலத்திலேயே இருப்பது எனக்குப் புரியாத ஒன்று. ஜவுளிக்கடை, நகைக்கடை, அரசுத் துறை, திரைப்படம், பத்திரிகை என்று இங்கே வேலை தருபவர்களில் பெரும்பாலோர்க்குத் தமிழில் லேஅவுட் வேண்டும். தமிழை ஒழுங்காக அமைக்கச் சில நுட்பங்கள் உண்டு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். இன்டிசைனிலும் பத்தி அமைப்பில் இதுபோன்ற ஒரு தேர்வு இருக்கிறது. மேலே கொக்கியும் கீழே சுழியும் உள்ள எழுத்துகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்க, ஆங்கிலத்துக்குக் கொடுப்பதைவிடக் கூடுதலான வரி இடைவெளி தேவை. முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை போன்ற யூனிகோட் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. வணிக வேலைகளிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எல்லா ஃப்ளெக்ஸிலும் பார்க்கும் அதே இரண்டு மூன்று எழுத்துருக்களை விட்டு வெளியே வாருங்கள்.

குழுவாகச் செய்த வேலையென்றால் அதில் உங்கள் பங்கு எது என்பதை மறைக்காமல் எழுதிவிடுங்கள். இந்தத் துறையில் உண்மை வெளிவர ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மூன்று ஆண்டுகளாக டி.டி.பி. (கணினியில் பக்கம் அமைக்கும்) வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் பட்டம் முடித்தேன். கோரல்டிராதான் தெரியும். சென்னையில் நேர்காணலுக்குப் போனபோது அச்சக வேலையை அனுபவமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அதை பயோடேட்டாவிலிருந்து நீக்கிவிடலாமா? – வாசகர், சிவகாசி

நீக்கவே நீக்காதீர்கள். திரையில் மட்டுமே வேலை செய்து பழகிய பட்டதாரிகள் திரைக்கான நிறமுறையான ஆர்.ஜி.பி.யில் கோப்பை அனுப்பிவிட்டு, அச்சில் நிறம் ஏன் மங்கியது என்று கேட்பார்கள். சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டுவதற்கான கூடுதல் ஓரம்) விடாமல் அனுப்பி, வெட்டிய பிறகு ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிவதைக் கண்டு திகைப்பார்கள். எந்தத் தாளில் எந்த மை எப்படி உட்காரும், அட்டைப்பெட்டியில் மடிப்பு எங்கே விழும், ஒரே பிளேட்டில் எத்தனை லேபிள்களை அடுக்கினால் செலவு குறையும் என்பதெல்லாம் உங்களுக்கு அன்றாடம். பேக்கேஜிங் வடிவமைப்பில் ஈடுபட்டிருக்கும் நிறுவனங்களுக்கு இந்த அறிவு விலை மதிப்புள்ளது. விண்ணப்பங்களை முதலில் அங்கே அனுப்புங்கள். சமூக ஊடகப் பதிவுகளை மட்டுமே செய்யும் நிறுவனத்துக்கு உங்கள் அருமை தெரியாமல் போவதில் வியப்பில்லை.

ஆனால் நேர்காணல் செய்தவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. டி.டி.பி. வேலையில் வாடிக்கையாளர் சொன்னதைச் செய்துகொடுத்திருப்பீர்கள்; நீங்களாக எடுத்த முடிவு எது என்பதை அவர் தேடியிருப்பார். கோரல்டிரா தெரிந்தவருக்கு இல்லஸ்ட்ரேட்டர் பழக அதிக நாள் ஆகாது. அதைப் பழகும் சாக்கில், உள்ளூரில் விற்கும் கடலை மிட்டாய்க்கோ ஊறுகாய்க்கோ உறையும் லேபிளும் முழுதாக நீங்களே வடிவமைத்து, உங்கள் அச்சகத்திலேயே அனுமதி கேட்டு அச்சடித்து, மடித்து ஒட்டிய பெட்டியைப் படமெடுத்துச் சேருங்கள். கையில் பிடிக்கக்கூடிய பெட்டியை நேர்காணலுக்கே எடுத்துச் சென்றால் இன்னும் நல்லது.

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தேன். யூ.எக்ஸ். (பயனர் அனுபவ) டிசைனர் ஆக விரும்புகிறேன். ஒரு தனியார் பயிற்சி நிறுவனம் ஆறு மாதத்தில் வேலை உறுதி என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறது. வடிவமைப்பில் பட்டமே இல்லாமல் இது சாத்தியமா? – வாசகர், கோயம்புத்தூர்

வேறு படிப்பிலிருந்து வடிவமைப்புக்கு வருவது புதிதல்ல. 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறியீட்டை உருவாக்கிய உதயகுமார் சென்னையில் கட்டடக்கலை படித்துவிட்டு, பிறகு மும்பை ஐ.ஐ.டி.யின் வடிவமைப்பு மையத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றவர். அங்கே சேரவும் வேறு பல ஐ.ஐ.டி.க்களில் எம்.டெஸ். (வடிவமைப்பில் முதுநிலை) படிக்கவும் எழுத வேண்டிய சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வுக்கு எந்தத் துறைப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வயது வரம்பு இல்லை. அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. இரண்டு ஆண்டுகளாவது ஒதுக்க வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுத்தால் இந்த வழியையே நான் பரிந்துரைப்பேன்.

இடம் கொடுக்காவிட்டாலும் பணத்தைக் கட்டுவதற்கு அவசரப்பட வேண்டாம். செயலித் திரைகளை வடிவமைக்கும் ஃபிக்மா மென்பொருளைக் கட்டணமின்றியே பழகலாம். மூன்று மாதம் நீங்களாக முயன்று, நீங்கள் அறிந்த ஒரு தொழிலுக்கு, அதாவது பம்ப்செட் பழுதுபார்ப்பவருக்கோ லேத் பட்டறைக்கோ, ஒரு செயலியின் திரைகளை வடிவமைத்துப் பாருங்கள். இயந்திரத்தின் முன் நிற்பவரின் கை எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும், பட்டறைச் சத்தத்தில் ஒலி அறிவிப்பு காதில் விழாது என்பதெல்லாம் இன்ஜினியரான உங்களுக்குத் தெரியும். டிசைன் மட்டும் படித்தவருக்குத் தோன்றாமல் போகலாம். அதன் பிறகும் பயிற்சி தேவை என்று பட்டால், அங்கே முந்தைய அணியில் படித்தவர்கள் சிலரிடம் நீங்களே நேரில் பேசுங்கள். 'வேலை உறுதி' என்பது எழுத்தில் இருக்கிறதா, வேலை கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று கேட்டாலே பாதி தெளிவு வந்துவிடும்.

டிசைனருக்கு மேக் கணினி கட்டாயமா? – வாசகி, திண்டுக்கல்

இல்லை. முதல் சம்பளம் வரும்வரை கடன் வாங்காதீர்கள். நல்ல திரையும் 16 ஜி.பி. நினைவகமும் உள்ள விண்டோஸ் கணினி போதும்.

திருப்பூரில் பனியன் நிறுவனங்களுக்கு ஃப்ரீலான்ஸாக லோகோ, டேக், கேட்டலாக் செய்து தருகிறேன். வேலை முடிந்த பிறகு பணத்துக்கு மாதக்கணக்கில் அலைய விடுகிறார்கள். ஒருவர் பாதிப் பணம்கூடத் தராமல் ஓப்பன் ஃபைலையும் (திருத்தக்கூடிய மூலக் கோப்பு) கேட்கிறார். என்ன செய்வது? – வாசகர், திருப்பூர்

இதைப் படிப்பவர்களில் பாதிப் பேராவது உங்களைப் போலவே அலைந்திருப்பார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு கலைப்படைப்பின் முதல் உரிமையாளர் பொதுவாக அதை உருவாக்கியவரே. மாதச் சம்பளத்தில் பணியாளராக இருந்து செய்யும் வேலை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், நிறுவனத்துக்குச் சொந்தம். ஃப்ரீலான்ஸாக வரையும் லோகோவோ அப்படித் தானாகக் கைமாறுவதில்லை. நீங்கள் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால்தான் உரிமை மாறும். எழுதிக் கொடுக்கும்போது எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டுகள் என்றும், எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா முழுவதற்கும் என்றும் எடுத்துக்கொள்ளும். புகைப்படம், உருவப்படம் போன்ற சிலவற்றுக்கு விதி வேறு: பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் ஆவார். கேட்டலாக்குக்காக நீங்களே படமும் எடுக்கிறீர்கள் என்றால் இதைக் கவனியுங்கள்.

இவ்வளவு உரிமை கையில் இருந்தும் பணம் வராததற்குக் காரணம், வேலை வாய்ப்பேச்சில் தொடங்குவதுதான். அடுத்த வேலையை ஏற்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்: என்னென்ன தருகிறீர்கள், எத்தனை முறை கரெக்‌ஷன், அதற்கு மேல் போனால் எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது. க்ளையன்ட் மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ 'சம்மதம்' என்று எழுதினால் கூடப் பின்னால் காட்ட ஓர் ஆதாரம் இருக்கும். பாதித் தொகை வராமல் வேலையைத் தொடங்காதீர்கள். முழுத் தொகை வராமல் இறுதிக் கோப்பை அனுப்பாதீர்கள், அதுவரை குறைந்த தரத்தில், உங்கள் பெயரைக் குறியாகப் பொறித்த படம் போதும். ஓப்பன் ஃபைல் தனிப் பொருள், அதற்குத் தனி விலை என்பதை முதல் நாளே எழுதிவிடுங்கள். உறவுக்காரர், நண்பரின் நண்பர் என்று விலக்களித்தால் கசப்பு அங்கிருந்துதான் தொடங்கும்.

அத்துடன் மத்திய அரசின் உத்யம் பதிவுத் தளத்தில் குறுந்தொழில் நிறுவனமாக உங்களைப் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் சேவை பெற்றவர் ஒப்பந்தத் தேதிக்குள், எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமல், பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி சேரும். மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்கல் மன்றத்தில் இணையவழியாகவே முறையிடலாம். வேலையை ஏற்கும் முன்பே பதிவு முடிந்திருப்பது பாதுகாப்பானது என்பதால் பழைய பாக்கிக்கு இது எவ்வளவு உதவும் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேளுங்கள். நடைமுறையில் வழக்குவரை போக வேண்டியிருக்காது. அடுத்த பில்லில் உத்யம் எண்ணையும் 45 நாள் விதியையும் அச்சிட்டுவிட்டால் பல கணக்குப் பிரிவுகளின் பேச்சு மாறும்.

ஒரு வரி எழுதினால் செயற்கை நுண்ணறிவே படம் வரைந்து தருகிறது. இந்த நிலையில் இத்துறைக்கு வருவது அறிவுடைமையா? – வாசகி, தஞ்சாவூர்

புதியவர்களுக்கு வழக்கமாகத் தரப்படும் சில்லறை வேலைகள் குறையும் என்பதை மறைப்பது நேர்மையல்ல. பின்னணி நீக்குவது, ஒரே விளம்பரத்தைப் பத்து அளவுகளில் மாற்றுவது போன்றவற்றை மென்பொருளே செய்துவிடுகிறது. முன்பெல்லாம் இளையவர்கள் அவற்றைச் செய்துகொண்டேதான் தொழில் கற்றார்கள். அதனால் முதல் நாளிலிருந்தே க்ளையன்ட் கூட்டங்களில் உட்கார வைக்கும் சிறிய நிறுவனம் கிடைத்தால், பெயர் பெற்ற நிறுவனத்தில் மூலையில் அமர்வதைவிட அதைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கருவிகளையும் பழகுங்கள். ஆனால் அவை தந்த படத்தைக் கையால் வரைந்ததாகக் காட்டாதீர்கள். தமிழ் எழுத்து இடம்பெறும் எதையும் ஒவ்வோர் எழுத்தாகச் சரிபார்க்காமல் வெளியே விடாதீர்கள்.

நேர்காணலுக்கு முன் ஒரு நிறுவனம் தன் புதிய பொருளுக்கு லோகோ, உறை, ஐந்து சமூக ஊடகப் பதிவுகள் எல்லாவற்றையும் நான்கு நாளில் 'டெஸ்ட்' ஆகச் செய்து தரச் சொல்கிறது. சம்பளம் இல்லை. செய்யலாமா? – வாசகர், சேலம்

இரண்டு மூன்று மணி நேரத்தில் முடியும் கற்பனைப் பயிற்சி என்றால் செய்யுங்கள்; அது நியாயமான எதிர்பார்ப்பு. உண்மையான பொருளுக்கு முழு வேலையையும் இலவசமாகக் கேட்பதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. நேரடியாக மறுக்கத் தயக்கமாக இருந்தால், ஓர் உறையின் முதல் வரைவை மட்டும் குறைந்த தரத்தில், உங்கள் பெயரும் தேதியும் பொறித்து, 'வேலை உறுதியானாலோ கட்டணம் பேசிக்கொண்டாலோ மீதியைத் தொடர்வேன். அதுவரை இதைப் பயன்படுத்தும் உரிமையை அளிக்கவில்லை' என்று பணிவாக ஒரு வரி சேர்த்து அனுப்புங்கள். பதில் வராவிட்டால் நிறுவனத்தின் பெயரையும் அவர்கள் தந்த தகவல்களையும் நீக்கி, அந்த வரைவை ஒரு கற்பனைப் பொருளுக்கு மாற்றி உங்கள் போர்ட்ஃபோலியோவில் வைத்துக்கொள்ளலாம்.