அட்ஜஸ்டபிள் பவர் சப்ளையால் 12 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியை சார்ஜ் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் சப்ளையில் வோல்டேஜ், கரண்ட் இரண்டுக்கும் வரம்பு வைக்கும் வசதி கட்டாயம் இருக்க வேண்டும்.

பேட்டரியை இணைக்கும் முன்பே வோல்டேஜை 14.4-இல் வையுங்கள். கரண்ட் வரம்பு, பேட்டரி கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு போதும். 7 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.7 ஆம்பியர். பிறகு பிளஸ்ஸை பிளஸ்ஸோடும் மைனஸை மைனஸோடும் இணையுங்கள். மாற்றி இணைத்தால் சப்ளையே போய்விடும், இதில் அவசரம் வேண்டாம்.

முதலில் கரண்ட் 0.7-இலேயே நிற்கும், வோல்டேஜ் மெல்ல ஏறும். 14.4-ஐத் தொட்டதும் கரண்ட் இறங்கத் தொடங்கும். பலர் இந்த இடத்தில் சார்ஜ் முடிந்ததாக நினைத்துக் கழற்றிவிடுகிறார்கள். அப்போது பேட்டரி இன்னும் நிறைந்திருக்காது. கடைசிப் பகுதி ஏறத்தான் பல மணி நேரம் ஆகும். கரண்ட் 0.1 ஆம்பியர் அளவுக்கு வந்த பிறகே முடிந்தது என்று கொள்ளுங்கள். தொடர்ந்து இணைப்பிலேயே வைப்பதானால் 13.6-க்குக் குறைத்துவிடுங்கள். 14.4-இலேயே நாள்கணக்கில் விட்டால் உள்ளிருக்கும் நீர் வற்றும். சீல் செய்த பேட்டரியில் அதைத் திரும்ப ஊற்றவும் வழியில்லை.

முடிந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள், பிறகு சப்ளையை அணையுங்கள். இல்லாவிட்டால் சில சப்ளைகளுக்குள் கரண்ட் திரும்பிப் பாயும்.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரலாம், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சும்மா கிடக்கும் பேட்டரி 12.4 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் போடுங்கள். தாமதித்தால் தகடுகளில் லெட் சல்ஃபேட் கெட்டிப்பட்டு கொள்ளளவு குறைந்துவிடும்.