எடை குறையாவிட்டாலும் இதயத்துக்குப் பலன் உண்டா? – கேள்வி பதில்

இதய நோயாளிகளுக்கு உடற்பயிற்சி கற்றுத்தரும் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் நான். உடல் பருமன், ஏரோபிக் பயிற்சி (நடை, சைக்கிள் போல மூச்சு சற்று வேகமாகும்படி தொடர்ந்து செய்வது), இதயம் பற்றி வந்திருந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: டாக்டர், நான்கு மாதமாக விடாமல் வேகநடை நடக்கிறேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. இதில் ஏதாவது பலன் இருக்கிறதா, விட்டுவிடலாமா?

தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். அதிகம் பேர் கேட்டது இதைத்தான். பயிற்சியைக் கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் எடை மெஷினைப் பார்த்துத்தான் கைவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வேகமாக நடக்கும்போது ரத்தம் நாளங்களின் உட்சுவரை அழுத்தி உரசிக்கொண்டு ஓடுகிறது. அந்த உரசலே சுவரின் செல்களைத் தூண்டி நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்க வைக்கிறது. நாளம் தளர்ந்து விரிகிறது. வாரக்கணக்கில் இது தொடர்ந்தால் நாளங்களின் விறைப்பு குறையும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 புள்ளிவரை இறங்குவதுண்டு. உழைக்கும் தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை எளிதாக இழுத்துக்கொள்கிறது. கல்லீரல், குடல் ஆகியவற்றைச் சுற்றிப் படிந்திருக்கும் உட்கொழுப்பு கரைகிறது. இதயத்துக்கு அதிகக் கேடு செய்வது இந்தக் கொழுப்புதான். எடை அப்படியே நின்றாலும் இது குறையும். ஆகவே உங்கள் இடுப்பை அளந்து பாருங்கள்.

இதற்கு ஒரு பழைய ஆதாரம் இருக்கிறது. லண்டனின் இரண்டடுக்கு பஸ்களில் வேலை செய்தவர்களை ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்து, 1953-ல் முடிவுகளை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. ஓட்டுநர்கள் குண்டாக இருந்ததுதான் காரணமோ என்ற சந்தேகம் எழும் அல்லவா? மாரிஸ் அதையும் விடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவுகளை வாங்கி ஒப்பிட்டார். ஒல்லியோ, நடுத்தரமோ, பருமனோ, எந்த இடுப்பளவிலும் நடத்துநர்களுக்கே ஆபத்து குறைவாக இருந்தது.

கேள்வி: எனக்கு கொலஸ்ட்ரால் சரியாக இருக்கிறது, சர்க்கரையும் இல்லை. பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) மட்டும் 34. அப்படியிருக்க இதயத்துக்கு என்ன பாதிப்பு வந்துவிடும்?

ரத்தப் பரிசோதனையில் தெரியாத பாதிப்புகள் உண்டு. உடல் பெருக்கும்போது ரத்தத்தின் மொத்த அளவும் கூடுகிறது. அத்தனை ரத்தத்தையும் ஆண்டுக்கணக்கில் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடிக்கிறது. தடித்த சுவர் விறைத்துப்போய், ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் முழுதாகத் தளராது. சுருங்கும் வலு நன்றாக இருந்தும், படி ஏறினால் மூச்சு வாங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்து 'பம்பிங் நார்மல்' என்று சொன்ன பிறகும் மூச்சு வாங்கினால், இதயம் தளர்வது எப்படி இருக்கிறது என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

இதயத்தை ஒட்டியே படியும் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது ஆகியவையும் பருமனோடு சேர்ந்து வருபவை. பலமாகக் குறட்டை விடுகிறவராக இருந்தால் அதைத் தனியாகப் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: எவ்வளவு நேரம் செய்தால் போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட பரிந்துரை: மிதமான வேகத்தில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம், அல்லது கடுமையாகச் செய்தால் 75 முதல் 150 நிமிடம். அது போய்ச் சேரவேண்டிய இடம்; முதல் வாரமே அங்கே நிற்க வேண்டியதில்லை. ஐந்து நிமிட நடையிலிருந்து தொடங்குங்கள். அசையாமல் இருப்பவர் கொஞ்சம் அசையத் தொடங்கும்போது கிடைக்கும் பலன்தான் மிகப் பெரியது. ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஒருநாள் பயிற்சி தரும் உதவி, ஓரிரு நாளில் மங்கிவிடும்.

கேள்வி: ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் கைக்கடிகாரத்தில் நாடித்துடிப்பு 110-ஐத் தாண்டவில்லை. பயிற்சி போதவில்லையா?

போதாமல் இல்லை. இதயம் வேகமெடுக்காமல் பிடித்து வைப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. நாடித்துடிப்பின் உச்ச அளவைக் கண்டுபிடிக்க 220-லிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். கடிகாரத்துக்காக மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கேள்வி: டாக்டர் தம்பி, எனக்கு 63 வயது. முழங்கால் தேய்மானம். கால் கிலோமீட்டர் நடந்தாலே வலி. நான் என்ன செய்ய?

நடைதான் ஏரோபிக் என்று யாரும் விதிக்கவில்லை அம்மா. பெரிய தசைகள் சீராகத் தொடர்ந்து உழைத்தால் போதும். இடுப்பளவு தண்ணீரில் நடந்தால் உடல் எடையில் பாதியைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். நிலையான சைக்கிளில் இருக்கையைச் சற்று உயர்த்தி, மிதி கீழே போகும்போது முழங்கால் லேசாக மட்டும் மடங்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் வழியில்லையா? நாற்காலியில் உட்கார்ந்து கைகளைச் சுழற்றி, கால்களை மாற்றி மாற்றித் தூக்குங்கள். மூச்சு சற்று வேகமானால் இதயம் வேலை செய்கிறது என்று பொருள். தொடையின் முன்தசைக்கான பயிற்சியையும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கற்றுக்கொள்ளுங்கள்; அந்தத் தசை வலுத்தால் மூட்டுவலி தணியும்.

கேள்வி: தொப்பை குறைய வயிற்றுப் பயிற்சி மட்டும் செய்தால் போதாதா?

போதாது. வயிற்றுத் தசை வலுக்கும், மேலே உள்ள கொழுப்பு அங்கேயே இருக்கும்.

கேள்வி: பருமனும் சர்க்கரையும் உள்ளவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில், உடற்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் மாரடைப்பைக் குறைக்கவில்லை என்று படித்தேன். பிறகு எதற்கு இவ்வளவு வலியுறுத்துகிறீர்கள்?

நல்ல கேள்வி, நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. நீங்கள் சொல்வது 'லுக் அஹெட்' ஆய்வு. 5,000-க்கும் மேற்பட்டவர்களை ஏறத்தாழப் பத்தாண்டுகள் கவனித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் தீவிரமாகக் கடைப்பிடித்த குழுவுக்கும், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்ற குழுவுக்கும் இடையே மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது உண்மை. இதை மறைத்துவிட்டுப் பயிற்சியைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

அதே ஆய்வில், தீவிரமாகப் பயிற்சி செய்தவர்களுக்கு உடல்திறன் கூடியது, சர்க்கரை கட்டுப்பட்டது, தூக்கத்தில் மூச்சு நிற்பது குறைந்தது. மற்ற குழுவினர் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரைகளை அதிகம் எடுத்துக்கொண்டதும் வேறுபாட்டைச் சுருக்கியிருக்கலாம். நான் எடுத்துக்கொள்ளும் பாடம் இது: பயிற்சி மாத்திரைக்கு மாற்று அல்ல. மாரடைப்பு வராது என்று பயிற்சியின் பெயரால் யாரும் உத்தரவாதம் தரக் கூடாது. மூச்சு வாங்காமல் படி ஏறுவதும், தன் வேலையைத் தானே செய்துகொள்வதும் எந்த மாத்திரையிலும் கிடைக்காது, அதற்காக வலியுறுத்துகிறேன்.

கேள்வி: எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்கிறேன். 11 கிலோ குறைந்துவிட்டது. இனியும் பயிற்சி தேவையா?

முன்னைவிட அதிகமாகத் தேவை. செமாக்ளுடைட் ஊசி நல்ல மருந்துதான். ஏற்கெனவே இதய நோய் இருந்த, சர்க்கரை இல்லாத, அதிக எடையுள்ள 17,604 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவை சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. ஆனால் குறையும் எடையில் ஒரு பங்கு தசையிலிருந்தும் போகிறது. ஏரோபிக் பயிற்சியோடு வாரத்தில் இரண்டு நாளாவது எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சியும் செய்யுங்கள்.

கேள்வி: ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வீட்டு மெஷினில் ரத்த அழுத்தம் எப்போதும் 150-க்கு மேல் காட்டுகிறது.

முதலில் கையில் சுற்றும் பட்டையைப் பாருங்கள். பருமனான கைக்குச் சாதாரண அளவுப் பட்டையைச் சுற்றினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும். பட்டைக்குள் இருக்கும் ரப்பர்ப் பை, மேற்கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது தழுவ வேண்டும். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே டேப்பால் அளந்து, அதற்கேற்ற பட்டையை வாங்குங்கள். நடந்து முடித்த கையோடு பார்க்காதீர்கள். அரை மணி நேரம் கழித்து, ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து உட்கார்ந்த பிறகு பாருங்கள். அப்போதும் 150 என்றால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது, 102 கிலோ, சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறார். நடக்க ஆசைப்படுகிறார். பரிசோதனை செய்யாமல் தொடங்கலாமா?

மெதுவான நடையை இன்றைக்கே தொடங்கலாம். வேகத்தைக் கூட்டும் முன்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். நடக்கும் நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்க வேண்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வெளியே கிளம்பும்போது கையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். தினமும் பாதங்களைப் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் கொப்புளம் வந்தால் அவருக்கே தெரியாது.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் உடனே நிறுத்தி உட்கார வையுங்கள். நெஞ்சு இறுக்கம் சில நிமிடத்தில் விடவில்லை என்றால் நேராக அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள், 'வாயுவாக இருக்கும்' என்று காத்திருக்காதீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வருவதுண்டு. காரணமில்லாத வியர்வையையும் திடீர்க் களைப்பையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

கேள்வி: எடையைப் பார்க்காதே என்கிறீர்கள். அப்படியானால் முன்னேற்றத்தை எப்படித்தான் தெரிந்துகொள்வது?

காலையில் விழித்ததும் படுக்கையை விட்டு எழாமல், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அரை நிமிடம் நாடியை எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒரு துடிப்புக்கு அதிக ரத்தத்தைத் தள்ளப் பழகிய இதயம், ஓய்வில் நிதானமாகத் துடிக்கும். சில மாதங்களில் எண் இறங்குவது தெரியும். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இந்த எண்ணை நம்ப வேண்டாம். அவர்கள் ஒரே மாடிப்படியை மாதம் ஒருமுறை அதே வேகத்தில் ஏறி, மூச்சு பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளட்டும்.