ரோட்டுப் பலகையில் இருக்கும் குடும்பம் யார்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் நகரத்துக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஒரு வீடு வாங்கியிருக்கிறாள். அந்த ரோட்டுக்கு ஏதோ ஒரு குடும்பப் பெயர். அக்கம்பக்கத்தில் அந்தப் பெயரில் ஒருவர்கூட இல்லை. அவ்வளவு பெரிய ஆட்களா அவர்கள்? எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: பெரிய ஆளாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ரோடு போய் முடிகிற இடத்தில் யாருடைய பண்ணை வீடு இருந்ததோ, அவர் பெயரைச் சொல்லித்தான் சுற்றிலும் உள்ளவர்கள் வழி சொல்லியிருப்பார்கள், அப்படியே ஒட்டிக்கொண்ட பெயர்கள் அங்கே ஏராளம். அந்தக் காலத்தில் பலகை எதுவும் கிடையாது. 1896 அக்டோபரில் மேற்கு வர்ஜீனியாவில் கிராமத்து வீடுகளுக்கே தபாலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார்கள், அதற்கு அப்புறமும் வெகுகாலம் விலாசம் என்பது ‘ரூரல் ரூட் 2, பாக்ஸ் 45’ என்கிற மாதிரிதான், அதாவது கிராமத் தபால் வழியின் எண்ணும் தபால் பெட்டியின் எண்ணுமாகத்தான் இருந்தது. தினமும் அதே வழியில் போகிற தபால்காரருக்கு அது போதும். ராத்திரி நேரத்தில் வருகிற ஆம்புலன்ஸ் டிரைவருக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? 911 அவசர எண்ணின் முதல் அழைப்பு 1968இல் அலபாமாவில் ஹேலிவில் என்ற சின்ன ஊரில் நடந்தது. பிறகு அந்தச் சேவை நாட்டுப்புறத்துக்கும் பரவி, கூப்பிடுகிறவரின் விலாசம் தானாகத் திரையில் தெரியும் முறையும் வந்தபோது, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நிர்வாகங்கள் ரோடு ரோடாகப் பெயர் வைத்து, வீடு வீடாக எண் கொடுக்க வேண்டியதாயிற்று. பல கவுண்டிகளில் இது 1980, 1990களில் நடந்த வேலை. ஆக, குடும்பம் நூறு வருஷத்துக்கு முந்தையதாக இருக்கும், பலகைக்கு முப்பது, நாற்பது வயதுதான் ஆகியிருக்கும். இது தெரியாமல் பலர் ரோடு போட்டவர் பெயர் என்று நினைத்துத் தேடி ஏமாறுகிறார்கள்.

தேடுவதை மகளின் பத்திரத்திலிருந்தே ஆரம்பியுங்கள். நாம் தாய்ப்பத்திரம் பார்ப்பது போலத்தான், எழுதிக் கொடுத்தவர், அவருக்கு எழுதிக் கொடுத்தவர் என்று கவுண்டி ஆவணங்களில் பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்க வேண்டியது. மகளின் மனை அந்தக் குடும்பத்தின் பண்ணையிலிருந்து பிரிந்ததாகவே இருந்தாலும் ஆச்சரியமில்லை. கூடவே ‘பிளாட் மேப்’ என்ற பழைய வரைபடங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு துண்டு நிலத்தின் மேலும் சொந்தக்காரர் பெயரையே அச்சடித்திருப்பார்கள், பார்ப்பதற்கே சுவாரசியம். நிலம் அரசாங்கத்திடமிருந்து முதன்முதலில் தனியாருக்குப் போன பட்டயங்களை மத்திய அரசின் நில நிர்வாகத் துறை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 1862ஆம் வருஷத்துக் குடியேற்ற நிலச் சட்டப்படி (ஹோம்ஸ்டெட் சட்டம்) அரசிடமிருந்து 160 ஏக்கர் வரை பெற்றுக் குடியேறியவர்களும் அதில் அடக்கம். ஆனால் ஆரம்பத்துப் பதின்மூன்று மாநிலங்களிலும் டெக்சாஸ் போன்ற வேறு சிலவற்றிலும் அந்த நிலம் மத்திய அரசுடையதாக இருக்கவில்லை, அங்கே மாநில ஆவணக் காப்பகத்துக்குத்தான் போக வேண்டும்.

கேள்வி: நானும் இப்படித் தேடினேன். மக்கள்தொகைக் கணக்கில் அந்தப் பெயரே சிக்கவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: எந்த வருஷத்துக் கணக்கைப் பார்த்தீர்கள்? 1890 என்றால் உங்கள் தப்பில்லை, 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் அது பெரும்பாலும் போய்விட்டது. 72 வருஷம் கழித்துத்தான் பெயர்களை வெளியிடுவார்கள் என்பதால் 1950 வரைக்கும்தான் இப்போது பார்க்க முடியும். எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பாருங்கள், ஜெர்மனியிலிருந்து வந்த முல்லர் அங்கே மில்லர் ஆகியிருப்பார். அது குடும்பப் பெயர்தானா என்பதிலேயே சில சமயம் குழப்பம் வரும். சர்ச் ரோட்டில் ஒரு சர்ச்சும் இல்லாமல், சர்ச் என்ற பெயருள்ள குடும்பம் மட்டும் இருந்திருக்கலாம்.

நிலம் மகள் வழியில் போயிருந்தால் பெயர் ஒரே தலைமுறையில் மறைந்துவிடும், ஆட்கள் அங்கேயேதான் இருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டிய வேலையே அதுதான். தெற்கு மாநிலம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஒரே குடும்பப் பெயர் அடிமைகளை வைத்திருந்தவருக்கும், விடுதலையான குடும்பத்துக்கும் இருக்கும், ரோடு இரண்டில் யார் பெயரால் வந்தது என்று பெயரை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்று குறித்திருக்கிறார்களே தவிர, பெரும்பாலும் அந்த மனிதர்களின் பெயர் இருக்காது. அவர்கள் எல்லாரும் பெயரோடு வரும் முதல் கணக்கு 1870. அதைத் தாண்டிப் பின்னால் போக வேண்டுமானால் முதலாளி வீட்டு உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும்தான் புரட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: பிடிக்காத பெயரை மாற்ற முடியுமா?

பதில்: கவுண்டியில் மனுக் கொடுக்கலாம். ஆனால் அந்த ரோட்டில் குடியிருக்கும் அத்தனை பேரும் லைசென்ஸ், வங்கி, இன்சூரன்ஸ் என்று விலாசம் மாற்ற வேண்டியிருக்கும். முதலில் அவர்களிடம் கேட்டுவிடுங்கள்.