பழைய வீட்டுப் பெட்டியில் கிடைத்த விக்டோரியா காலத் தபால்தலைகளில் சில வேறு நிறத்தில் இருக்கின்றன. இவை அரிய வண்ண வகையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வியில் நீங்கள் தந்த விவரம்: கீழக்கரை வீட்டு மரப்பெட்டி, கொழும்பிலிருந்தும் ரங்கூனிலிருந்தும் வந்த உறைகள், பச்சையாக இருக்க வேண்டிய அரை அணா ஒன்று நீலமாக, ஆரஞ்சு மூன்று அணா ஒன்று கரும்பழுப்பாக. இரண்டுமே பெரும்பாலும் அச்சுக்குப் பிறகு நிறம் மாறியவையாகவோ சாதாரணத் தலைகளாகவோதான் இருக்கும். ஆனால் பார்க்காமலே தூக்கிப் போட வேண்டாம். சரிபார்க்க ஒரு வரிசை இருக்கிறது. நிறம் அந்த வரிசையில் முதலில் வராது.

முதலில் அது எந்த அச்சு என்று தீர்மானியுங்கள். அரை அணாவையே எடுத்துக்கொள்வோம். 1854 முதல் 1880களின் தொடக்கம் வரை இந்தியாவின் அரை அணா நீலம். அதில் 1865 முதல் வந்தவற்றில் யானைத் தலை வாட்டர்மார்க் (தாளுக்குள்ளேயே பதிந்த மறைகுறி) இருக்கும், முகப்பில் 'ஈஸ்ட் இந்தியா போஸ்டேஜ்' என்று இருக்கும். 1882இல் தொடங்கிய வரிசையில் 'ஈஸ்ட்' போய்விட்டது, வாட்டர்மார்க் நட்சத்திரமானது, அரை அணா நீலப்பச்சை ஆனது. உங்கள் நீலத் தலையில் யானை இருந்தால் அது சாதாரண நீல அரை அணா, அதிசயம் எதுவும் இல்லை. நட்சத்திரம் இருந்தால் அது பச்சையாகப் பிறந்து மஞ்சளை இழந்த தலை. பச்சை மை நீலமும் மஞ்சளும் கலந்தது. பல கலவைகளில் வெயில் முதலில் மஞ்சளைத்தான் தின்னும். ஜன்னலோரம் சட்டம் போட்டு மாட்டிவைத்த தலைகளில் இது மிகச் சாதாரணம்.

உதிரித் தலைக்கு வாட்டர்மார்க் பார்க்க, கறுப்புத் தட்டில் முகம் கீழாக வைத்து சில துளி சிகரெட் லைட்டர் திரவம் விடுங்கள். அடுப்பு, விளக்கு பக்கத்தில் இருக்கக் கூடாது. உறையில் ஒட்டியிருப்பதை இதற்காகப் பிரிக்காதீர்கள். முகப்பு எழுத்தும் முத்திரைத் தேதியுமே போதும். ரங்கூன் உறைகளில் இந்தியத் தலைகள் இருப்பதும் இயல்பு. 1937 வரை பர்மாவுக்குத் தனித் தலை கிடையாது.

இனி கரும்பழுப்பு மூன்று அணா. இராமநாதபுரம் கரையில் இருப்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த வகையில்தான். அந்தக் கால ஆரஞ்சு, மஞ்சள், சில சிவப்பு மைகளில் ஈயச் சேர்மங்கள் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு வாயு பட்டால் ஈயம் கறுப்பு ஈய சல்பைடாக மாறும். தலை பழுப்பாகி, முற்றினால் கறுத்தே போகும். உப்பங்கழிச் சேற்றைக் கிளறும்போது வரும் அழுகிய முட்டை நாற்றம் அந்த வாயுதான். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும்கூடக் கந்தகம் கக்கும். ஈரக்காற்று வேலையை விரைவாக்கும். சிக்கல் என்னவென்றால், இந்த மூன்று அணாவுக்கு 'ஆரஞ்சு', 'பழுப்பு ஆரஞ்சு' என்று கேட்டலாக்கிலேயே (தபால்தலைப் பட்டியல் நூலிலேயே) இரண்டு ஷேடு, அதாவது நிறச்சாயல், உண்டு. அதைப் படித்துவிட்டுக் கறுத்துப்போன தலையைப் 'பழுப்பு ஆரஞ்சு' என்று விற்பவர்கள் நிறைய.

பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சல்பைடு பட்ட தலையில் கறுப்பு திட்டுத்திட்டாக நிற்கும். மை தடித்த கோடுகளில் மேல்பரப்பு உலோகம் போல மினுங்குவதும் உண்டு. பழைய ஹிஞ்ச் (ஆல்பத்தில் ஒட்டும் சிறு பசைத்தாள்), இன்னொரு தலை என ஏதாவது மூடியிருந்த இடத்தில் ஆரஞ்சு மிச்சமிருந்தால் விஷயம் முடிந்தது. உண்மையான ஷேடு தலை முழுக்க ஒரே சீராக இருக்கும்.

இன்னும் சந்தேகமா? ஹைட்ரஜன் பெராக்சைடு சோதனை உண்டு. மருந்துக் கடையில் பெரும்பாலும் 6 சதவீதக் கரைசல்தான் கிடைக்கும். லேபிளைப் பார்த்து, சம அளவு காய்ச்சி வடிகட்டிய நீர் கலந்து 3 சதவீதமாக்குங்கள். திரவத்தை நேராகத் தடவாமல், ஒரு சிறு டப்பாவின் மூடி உள்பக்கத்தில் நனைத்த ஒற்றுத்தாளை ஒட்டி, தலையைக் கீழே முகம் மேலாக வைத்து மூடுங்கள். துளி சொட்டக் கூடாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கறுத்த ஈய சல்பைடு வெள்ளை ஈய சல்பேட்டாக மாறும், அடியில் இருந்த ஆரஞ்சு தெரியத் தொடங்கும். அப்படி மாறினால் அது அரிய ஷேடு அல்ல. விலையுயர்ந்தது என்று நினைக்கும் தலையிலும், உறையோடு இருப்பதிலும், பசை மிச்சமிருக்கும் புதுத் தலையிலும் இதைச் செய்யவே கூடாது.

நீலத்துக்கு வேறு எதிரி. பிரஷ்யன் நீலம் கலந்த மைகள் காரம் பட்டால் பழுப்பாகும். சலவை சோடா, சோப்பு நீர், சுண்ணாம்பு எல்லாமே காரம். சுண்ணாம்பு அடித்த மாடக்குழியில் கிடந்த கடிதக்கட்டு என்றால் நீலத் தலையின் ஓரங்களை முதலில் பாருங்கள். ஊதாவும் பச்சையும் இன்னும் மென்மை. முத்திரையை அழித்துத் தலையை மறுபடி ஒட்டுவதைத் தடுக்க, தலைகளை அச்சிட்ட டி லா ரூ நிறுவனம் தண்ணீரிலேயே கரைந்து ஓடும் மையை வேண்டுமென்றே பயன்படுத்தியது. பிரிட்டிஷ் காலனித் தலைகள் பலவற்றில் அந்த மைதான். கிண்ணத்து நீரில் ஊறப்போட்டால் புது 'ஷேடு' ஒன்று நம் கையாலேயே பிறந்துவிடும்.

இதையெல்லாம் தாண்டி நின்ற தலைக்குத்தான் நிற ஒப்பீடு. காலை பத்து மணிக்கு மேல், வெயில் நேராக விழாத வடக்கு ஜன்னல் வெளிச்சம் நல்லது. கடலை ஒட்டிய வீட்டில் வெள்ளை மணல் கண்ணைக் கூசச் செய்தால் திரை போடுங்கள். இரவில் என்றால் 5000 முதல் 6500 கெல்வின், நிறத்துல்லியம் (CRI) 90க்கு மேல் உள்ள விளக்கு. மஞ்சள் பல்பு வேண்டாம், பச்சைச் சுவர் அருகிலும் வேண்டாம். சாம்பல் நிற அட்டையில் ஒரே அளவில் இரண்டு துளை வெட்டி, சந்தேகத் தலையின் ஒரு பகுதியும் சாதாரணத் தலையின் அதே பகுதியும் மட்டும் தெரியும்படி வையுங்கள். தாளின் மஞ்சள் பூத்த ஓரம் கண்ணில் பட்டாலே மை வேறாகத் தோன்றும். தபால்தலைக் கேட்டலாக் வெளியிடும் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் வண்ண அட்டையில் 200 நிறங்கள் உண்டு. பெயர் தெரிந்துகொள்ள அது உதவும். ஆனால் தேதி தெளிவாக விழுந்த, அதே அச்சைச் சேர்ந்த நான்கைந்து மலிவுத் தலைகளே அதைவிட நம்பகமான அளவுகோல். போன் படத்தை வைத்து யாராவது ஷேடு சொன்னால் நம்பாதீர்கள்.

365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு வாங்கலாம், கண்ணாடி அணிந்துகொண்டு பாருங்கள். தாள் நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் கவனம். வெண்மையூட்டும் ரசாயனம் தாளில் வந்தது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ஆகவே அது போலியாக இருக்கலாம், அல்லது சலவைத்தூள் நீரில் கழுவப்பட்ட அசலாக இருக்கலாம்.

'நிறப்பிழை' என்பது வேறு கணக்கு. மை நன்றாகவே இருக்கும், மதிப்புக்கான நிறம்தான் தவறாக இருக்கும். ஸ்வீடனின் 1855 மூன்று ஸ்கில்லிங் பச்சைக்குப் பதில் எட்டு ஸ்கில்லிங்கின் மஞ்சளில் வந்தது, தெரிந்தது ஒன்றே ஒன்று. தென்னாப்பிரிக்காவின் கேப் காலனியின் 1861 முக்கோணத் தலைகளில் ஒரு பென்னி நீலமாகவும் நாலு பென்னி சிவப்பாகவும் வந்தன. ஒரு மதிப்பின் அச்சுக்கட்டை இன்னொன்றின் தட்டில் கலந்ததுதான் காரணம். இந்தியாவில் சிவப்பு அரை அணா கிடைத்தால் பக்க ஓர அலங்காரத்தில் உள்ள வளைவுகளை எண்ணுங்கள். 1854இல் முதலில் சிவப்பில் அச்சிட்டு, வெளியிடாமல் கைவிட்டதை 'ஒன்பதரை வளைவு' என்பார்கள். வெளியான நீல அரை அணாவில் எட்டு வளைவுதான். எட்டு வளைவோடு சிவப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். மறு அச்சும் போலியும் ஏராளம்.

இலங்கை உறைகளைத் தனியாக எடுத்துவையுங்கள். 1857இன் ஆறு பென்னி நீலம் பாய்ந்த தாளிலும் உண்டு, வெள்ளைத் தாளிலும் உண்டு. 1859இன் பல்வெட்டு (ஓரத்தில் துளையிட்ட பற்கள்) இல்லாத, மங்கல் ரோஜா நிற நாலு பென்னி பெரும் அரிது. பின்னால் வந்த பல்வெட்டுள்ள நாலு பென்னியின் பல்லைக் கத்தரித்து அதுபோலக் காட்டுவது பழைய தந்திரம். நான்கு பக்கமும் அகலமான ஓரம், பெரிய நட்சத்திர வாட்டர்மார்க் இரண்டும் இல்லாவிட்டால் விலை பேசாதீர்கள்.

மிச்சம் நிற்கும் தலைக்கு லண்டன் ராயல் பிலாட்டலிக் சொசைட்டியின் நிபுணர் குழு போன்ற இடத்தில் சான்று வாங்கலாம். கட்டணமும் பதிவுத் தபாலும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சாதாரண ஷேடுக்கும் அரிய ஷேடுக்கும் கேட்டலாக் விலையில் பெரிய இடைவெளி இருந்தால் மட்டும் அனுப்புங்கள். அதுவரை அந்தத் தலையைக் கழுவாதீர்கள், உறையிலிருந்து எடுக்காதீர்கள், அந்துருண்டை போட்ட பெட்டியில் வைக்காதீர்கள். பிவிசி உறை இல்லாத ஆல்பத்தில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.